ஒயருக்கும் வயதாகும்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டு இன்டர்நெட்டில் என்ன தொல்லை என்று எழுதுங்கள் எனப் போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களைப் படிக்கப் படிக்க ஒரு விஷயம் மனதில் தைத்தது. நிறையப் பேர் புது ரவுட்டர் வாங்கியிருக்கிறார்கள், பிளானை மாற்றியிருக்கிறார்கள், சிலர் கம்பெனியையே மாற்றிவிட்டார்கள், ஆனால் சுவரிலிருந்து ரவுட்டருக்கு வரும் ஒயரைக் கையில் எடுத்து அதன் முனை எப்படி இருக்கிறது என்று பார்த்தவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். காசு வீணாகப் போவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. அதனால் இந்த முறை முழுக்க ஒயரும் கனெக்டரும்தான்.

கேள்வி: எங்கள் வீட்டில் 300 எம்பிபிஎஸ் பிளான். போன வருடம் வரை கம்ப்யூட்டரில் 280-க்கு மேல் காட்டும். இரண்டு மாதமாக எத்தனை முறை சோதித்தாலும் 94, 93, 94 என்றே வருகிறது. அதே நேரத்தில் போனில், வைஃபையில் பார்த்தால் 250 வருகிறது. கம்பெனியிலிருந்து வந்தவர் 'லைன் நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீடு 2011-இல் கட்டியது, லேன் கேபிள் சுவருக்குள் பைப்பில் போகிறது. கம்ப்யூட்டர் பழசாகிவிட்டதா?
– வாசகர், தாம்பரம்

பதில்: கம்ப்யூட்டரை மாற்றிவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் அந்த 94 என்ற எண்ணே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது.

லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இதில் இரண்டு ஜோடி போதும், ஆரஞ்சும் பச்சையும். 1999-இல் வந்த கிகாபிட் (அதாவது 1000 எம்பிபிஎஸ்) தரத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பிரவுனிலோ ஒரே ஒரு கம்பி விட்டுப்போனாலும் போதும், இரண்டு முனைகளிலும் இருக்கும் கருவிகள் கிகாபிட்டுக்கு முயற்சி செய்து, முடியாமல், 100-க்கு இறங்கி வந்துவிடும். பெரும்பாலான கருவிகள் இதைச் சத்தமில்லாமல் செய்துவிடுவதால் நெட் நிற்பதே இல்லை, எந்த எச்சரிக்கையும் வராது, நமக்கு வேகம் குறைந்தது மட்டும்தான் தெரியும். அந்த 100-லும் தகவலோடு சேர்ந்து போகும் முகவரி, சரிபார்ப்புக் குறிகள் எல்லாம் ஒரு பங்கை எடுத்துக்கொள்ள, ஸ்பீடு டெஸ்டில் 94 சொச்சம்தான் மிஞ்சும். 70 இல்லை, 120 இல்லை, எப்போது பார்த்தாலும் 94 என்று வருவது அதனால்தான். கம்பெனிக்காரர் சொன்னதும் பொய்யில்லை. அவருடைய லைன் நன்றாகத்தான் இருக்கிறது, வைஃபையில் 250 வருவதே அதற்குச் சாட்சி.

முதலில் கம்ப்யூட்டரில் ஈதர்நெட் பகுதிக்குப் போய் 'லிங்க் ஸ்பீடு' என்ன என்று பாருங்கள். 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 இருந்தால் நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது. (மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: சில மலிவு ரவுட்டர்களில், சில பழைய டிவிகளில், லேன் போர்ட்டே 100-க்கு மேல் போகாது. அப்படிப்பட்டவர்கள் கேபிளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தாம்பரம் வாசகருக்கு முன்பு 280 வந்திருப்பதால் அந்தச் சந்தேகம் இல்லை.)

அப்புறம், ரவுட்டருக்கும் சுவர் ஜாக்குக்கும் நடுவே இருக்கும் சின்ன ஒயர், கம்ப்யூட்டர் மேஜைப் பக்கத்துச் சின்ன ஒயர், இரண்டையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். நிறைய வீடுகளில் கதை இங்கேயே முடிந்துவிடும், ஏனென்றால் இழுபடுவது, நாற்காலிச் சக்கரத்தில் மாட்டுவது, துடைப்பம் படுவது எல்லாம் இந்தச் சின்ன ஒயர்கள்தான். இதிலும் சரியாகவில்லை என்றால் சுவர்ப் பெட்டியின் மூடியைக் கழற்றுங்கள். சுவருக்குள் இருக்கும் நீளமான கேபிளைப் பற்றி அவசரப்பட்டுக் கவலைப்படாதீர்கள், அசையாமல், வெயில் படாமல், நனையாமல் பைப்புக்குள் கிடக்கும் கேபிள் கெட்டுப்போவது அபூர்வம். கெடுவது முனைகள்.

வேளச்சேரியில் ஒரு வீட்டில் இதே 94-ஐத் தேடிக்கொண்டு போனேன். மழைக்காலத்தில் ஈரம் ஏறும் வெளிச்சுவர். பெட்டியைத் திறந்ததும் உள்ளே செத்த எறும்புகள் ஒரு பிடி. ஜாக்கின் வாயில், எப்போதோ பெயின்ட் அடித்தபோது போன பட்டி இறுகிப்போய் இரண்டு பின்களை மூடியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்தும் லிங்க் 100-தான். ஜாக்கைத் திருப்பிப் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால், பிரவுன் கம்பியின் மேலுறையில் நகக்கீறல் மாதிரி ஒரு கீறல், கீறலைச் சுற்றிப் பச்சைப் பொடி. குறடால் லேசாகத் தொட்டேன், கம்பி அப்படியே கையோடு வந்துவிட்டது. உள்ளே அரை மில்லிமீட்டர் செம்பு இருந்த இடத்தில் ஊசிமுனை அளவுதான் மிச்சம். கட்டும்போது ஒயர்மேன் பெட்டிக்குள் ஒரு சாண் கேபிளை மிச்சம் சுருட்டி வைத்திருந்தார், அந்த மனிதருக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு, கெட்ட பகுதியை வெட்டிவிட்டுப் புது ஜாக்கில் எட்டுக் கம்பியையும் அழுத்தினேன். உடனே 1000.

உங்கள் வீட்டிலும் இரண்டு முனை ஜாக்கையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். செலவு சில நூறு ரூபாய். போடுபவரிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், ஜாக்குக்கு அருகே முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்க வேண்டாம்.

கேள்வி: கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டரில் வீடு. மொட்டை மாடியில் இரண்டு கேமரா, லேன் கேபிள் வழியாகவே அதற்கு கரண்ட் போகிறது. வருடத்துக்கு ஒருமுறை கேமரா நின்றுவிடுகிறது. கனெக்டரைப் பிடுங்கிச் செருகினால் நாலு நாள் ஓடும், மறுபடி நிற்கும். பிடுங்கிப் பார்த்தால் பச்சையாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: செம்புக் குடத்தில் ஏறும் அதே களிம்புதான் அம்மா. லேன் ஒயரின் முனையில் இருக்கும் ஆர்ஜே45 கனெக்டரின் பின்களில் செம்புக் கலவை, அதன் மேல் நிக்கல், அதன் மேல் மெல்லிசாகத் தங்க முலாம். நல்ல கனெக்டரில் அந்தத் தங்கம் 50 மைக்ரோ அங்குலம் இருக்கும். மலிவானதில் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியும் அளவுக்குப் பூசியிருப்பார்கள், அவ்வளவுதான். செருகி எடுக்க எடுக்கச் சீக்கிரம் தேய்ந்துவிடும். முலாம் தேய்ந்த இடத்தில் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்தால் களிம்பு. உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்கிறது. கேமராவுக்கு அதே கம்பியில் 48 வோல்ட் அளவில் டிசி மின்சாரம் போகிறது, ஈரமும் உப்பும் இருக்கும் இடத்தில் டிசி போனால் மின்னாற்பகுப்பு நடக்கும், அரிப்பு பல மடங்கு வேகமாகும். வீட்டுக்குள் பத்து வருடம் இருக்கும் கனெக்டர் உங்கள் மாடியில் ஒரு வருடத்தில் போவது இப்படித்தான்.

பிடுங்கிச் செருகினால் நாலு நாள் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது மிக நல்ல தடயம். செருகும்போது பின்கள் ஒன்றோடொன்று உரசுவதில் மேல்படலம் கொஞ்சம் கழன்று, தொடர்பு கிடைத்துவிடுகிறது. எந்த வீட்டிலும் பிடுங்கிச் செருகியதும் சரியாகி, சில நாளில் மறுபடி தொல்லை வந்தால், கனெக்டரை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கரண்ட் போகும் ஒயரை அப்படியே பிடுங்காதீர்கள், முதலில் கீழே சுவிட்சை அணையுங்கள். ஓடும்போது பிடுங்கினால் பின் முனையில் சின்னப் பொறி பறந்து அந்த இடம் குழி விழும், களிம்பு அங்கேயே ஆரம்பிக்கும்.

குடம் தேய்ப்பதுபோல இதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. உப்புத்தாள் போட்டால் மிச்சமிருக்கும் தங்கமும் போய்விடும். பச்சை வந்த கனெக்டரை வெட்டி எறியுங்கள், கூடவே கேபிளிலும் கம்பி பளபளவென்று தெரியும் வரை வெட்டிக்கொண்டே போங்கள், ஏனென்றால் தண்ணீர் முனையில் நுழைந்து கேபிளுக்குள் நெடுக ஏறிவிடும். புதிதாகப் போடும்போது கேபிள் கறுப்பு நிற அவுட்டோர் வகையாக இருக்கட்டும். வீட்டுக்குள் போடும் சாம்பல், நீல நிற பிவிசி மேலுறை நம் ஊர் வெயிலில் சில வருடத்தில் விறைத்து வெடித்துவிடும். கறுப்பு பாலிஎதிலீன் உறையில் கலந்திருக்கும் கரித்தூள் வெயிலைத் தாங்கும். கனெக்டர் சேரும் இடத்தை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, ஒயர் நுழையும் ஓட்டை கீழே பார்த்து இருக்கும்படி பொருத்தச் சொல்லுங்கள். பெட்டிக்கு முன்னால் ஒயரை ஒரு முழம் தொங்கவிட்டு மறுபடி மேலே ஏற்றினால் மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், உள்ளே போகாது. செருகுவதற்கு முன் பின்களில் துளி சிலிகான் கிரீஸ் தடவுவதும் பலன் தரும், எலெக்ட்ரானிக் சாமான் கடைகளில் சின்ன ட்யூபில் கிடைக்கும். இன்சுலேஷன் டேப்பை மட்டும் நம்ப வேண்டாம். வெயிலில் பசை உருகி, உள்ளே போன ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கேள்வி: லேன் ஒயர் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்துவிட்டது. தீக்குச்சியைச் செருகி இறுக்கி வைத்திருக்கிறேன். பரவாயில்லையா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பரவாயில்லை என்று சொல்ல எனக்கு மனமில்லை. அந்த நாக்குதான் கனெக்டரைச் சாயாமல் போர்ட்டுக்குள் பிடித்து வைக்கிறது. குச்சி ஒரு பக்கமாகத் தள்ளும், கனெக்டர் சாயும், நாளடைவில் ரவுட்டர் போர்ட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங் கம்பிகள் வளைந்துவிடும். ஒயர் போனால் நூறு ரூபாய், போர்ட் போனால் ரவுட்டரே போகும். புது ஒயர் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: எங்களுக்கு வந்திருப்பது ஃபைபர். கண்ணாடி துருப்பிடிக்காதே, அப்படியானால் ஒயர் பிரச்சினையே வரக்கூடாது அல்லவா? ஆனால் ஆறு மாதமாகப் பெட்டியில் சிவப்பு விளக்கு அவ்வப்போது எரிந்து, ஐந்து நிமிடத்தில் தானாகச் சரியாகிறது. பீரோவை நகர்த்தி வைத்த பிறகுதான் இப்படி என்று மனைவி சொல்கிறார்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் மனைவி சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். பீரோவுக்குப் பின்னால் அந்த மஞ்சள் ஒயர் எப்படி வளைந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கண்ணாடி துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் ஒளி போகும் பாதையின் விட்டம் சுமார் 9 மைக்ரான்தான். ஒரு தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன் என்று வைத்துக்கொண்டால், அதில் எட்டில் ஒரு பங்கு. அந்த முனையில் ஒரு தூசித் துகள் உட்கார்ந்தாலும், விரல் பட்டு எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினாலும், ஒளியில் பெரும்பகுதி அங்கேயே தடுக்கப்பட்டுவிடும். ஒயரை இறுக்கி வளைத்தால் ஒளி வளைவில் வெளியே கசிந்துவிடும். சாதாரண ஃபைபருக்கு 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைவு இருக்கக் கூடாது. வளைவைத் தாங்கும் புது வகைகள் இன்னும் சின்ன வளைவையும் பொறுத்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் எது இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது கஷ்டம், அதனால் ஒரு காப்பி டம்ளரைச் சுற்றி வரும் அளவுக்காவது வளைவு இருக்கட்டும்.

ஃபைபரும் வயதாகத்தான் செய்கிறது, ஆனால் கண்ணாடியில் இல்லை, மறுபடியும் முனையில்தான். வீட்டுக்கு இழுத்த ஒயரின் நுனியில் நிறைய இடங்களில் உருக்கி ஒட்டாமல், கையாலேயே செருகும் ஃபாஸ்ட் கனெக்டர் போட்டிருப்பார்கள். அதற்குள் கண்ணாடியும் கண்ணாடியும் சந்திக்கும் இடத்தில் ஒரு ஜெல் இருக்கும். வருடக் கணக்கில் வெயிலும் குளிரும் மாறி மாறிப் பட, ஒயர் இழுபட, அந்தச் சந்திப்பு விலகும், ஜெல் வறளும். ஒளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து ஒரு நாள் எல்லையைத் தொட்டுவிடும். அந்த எல்லையில் நிற்கும் லைன்தான் உங்கள் லைன் மாதிரி வந்து வந்து போகும்.

இதை நீங்களே கண்காணிக்கலாம். பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குள் போனால் 'ஆர்எக்ஸ் பவர்' என்று ஒரு எண் இருக்கும், பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவு அது, டிபிஎம் என்ற அலகில், மைனஸில். வீடுகளுக்கு வரும் ஜிபான் என்ற ஃபைபர் வகை இணைப்புகளில் பொதுவாக −8-க்கும் −27-க்கும் நடுவே இருந்தால் பெட்டி வேலை செய்யும். −20 வாக்கில் இருந்தால் நிம்மதி, −26 என்றால் விளிம்பில் நிற்கிறீர்கள். 3 குறைந்தால் வரும் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள், அதனால் −20-லிருந்து −26-க்குப் போனால் கால்வாசி ஒளிதான் வருகிறது. இன்றைக்கு என்ன எண் என்று பெட்டியின் அடியில் ஒட்டி வையுங்கள், பீரோவை நகர்த்திய பிறகு ஒரு எண் எழுதுங்கள், மழை பெய்த அன்று ஒரு எண். 'அடிக்கடி நிற்கிறது' என்று சொல்வதைவிட 'போன மாதம் −21, இப்போது −26' என்று புகார் எழுதினால் வருபவர் கனெக்டரையும் கிளீனரையும் கையோடு எடுத்துக்கொண்டு வருவார்.

இரண்டு விஷயம் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். ஃபைபர் ஒயரின் பச்சை நிறக் கனெக்டரைக் கழற்றி உள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று கண்ணுக்கு நேராகப் பிடிக்கக் கூடாது, அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர். சட்டைத் துணியால் முனையைத் துடைக்கவும் கூடாது, நூலிழையும் வியர்வையும் ஒட்டும். இன்னொன்று, பச்சைக் கனெக்டரின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீல நிறத்தது நேர் முனை. இரண்டையும் கலந்து செருகினால் உள்ளே போய் உட்காரும், ஆனால் நடுவில் இடைவெளி விழுந்து ஒளி வீணாகும். வீடு மாறும்போது யாரோ கொடுத்த ஒயரை மாட்டி இப்படி மாட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஒரே கேட் 6 வகை லேன் கேபிள், ஒரு கடையில் ஒரு விலை, பக்கத்துக் கடையில் பாதி விலை. 'இதுவும் காப்பர்தான்' என்கிறார் கடைக்காரர். எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், ஈரோடு

பதில்: கம்பி நுனியில் பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமே இருந்தால் செம்பு. வெள்ளி மாதிரி வெளுத்துத் தெரிந்தால் அது அலுமினியக் கம்பி, மேலே செம்பு பூசியது. பெட்டியில் பொடி எழுத்தில் சிசிஏ என்று போட்டிருப்பார்கள், போடாமலும் விற்பார்கள். முழுப் பெட்டியைத் தூக்கினாலே எடை வித்தியாசம் கைக்குத் தெரியும். கேட் 5ஈ, கேட் 6 தரங்கள் செம்புக் கம்பியைத்தான் ஏற்கின்றன, அதனால் அலுமினியத்தில் செய்துவிட்டு கேட் 6 என்று அச்சடிப்பது சரியே இல்லை.

புதிதாகப் போட்ட அன்று இது நன்றாகவே ஓடும், அதுதான் ஏமாற்றுகிறது. மின்தடை செம்பைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கனெக்டரின் பல் கடிக்கும் இடத்தில் அழுத்தம் தாங்காமல் அலுமினியம் மெல்ல மெல்ல நழுவிக்கொடுக்கும், பிடி தளரும். பூச்சு கிழிந்த இடத்தில் காற்றுப் பட்டதும் ஆக்சைடு படலம் வரும், அது மின்சாரத்தை விடாது. திரும்பத் திரும்ப வளைத்து நிமிர்த்தினால் கம்பி உள்ளேயே ஒடியும், மேலுறை நன்றாக இருக்கும், எங்கே ஒடிந்தது என்று யாருக்கும் தெரியாது. கேமராவுக்குக் கரண்ட் கொடுக்க இதைப் போட்டால் சூடாகும், கடைசிக் கேமராவுக்கு வோல்டேஜ் போதாது, இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும் நேரத்தில் கேமரா அணைந்து அணைந்து வரும். சுவருக்குள் போகும் கேபிள் ஒருமுறைதான் போடுகிறீர்கள். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கேள்வி: கிராமத்தில் அப்பா அம்மா வீட்டில் இன்னமும் போன் ஒயர் வழியாக வரும் பிராட்பேண்ட்தான். மழை வந்தால் நெட் போய்விடும். மோடம் மாற்றியும் பயனில்லை.
– வாசகி, மதுரை

பதில்: மழை நாளில் சாதாரண போனை எடுத்து, டயல் சத்தத்தின் பின்னால் கரகரவென்று கேட்கிறதா என்று அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்டால் எங்கோ ஒரு இணைப்பில் தண்ணீர் இறங்குகிறது. பேச்சுக்காகப் போட்ட இரண்டு கம்பியில்தான் பிற்பாடு பிராட்பேண்டையும் ஏற்றினார்கள். பேச்சு கரகரத்தாலும் நமக்குப் புரியும், ஆனால் மோடம் பேசுவது அதைவிடப் பல மடங்கு உயர்ந்த அலைவரிசையில், கொஞ்சம் ஈரக்கசிவு வந்தாலும் இரைச்சலில் முழுகிவிடும். வீட்டு வாசலில் இருக்கும் வெள்ளைப் பெட்டி, போனையும் நெட்டையும் பிரிக்கும் ஸ்பிளிட்டர், அங்கிருந்து மோடத்துக்குப் போகும் ஒயர், இந்த மூன்றையும் நீங்களே மாற்றலாம். வாசலுக்கு வெளியே, கம்பத்தில் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு இருந்தால் லைன்மேன்தான் வர வேண்டும். அந்தத் தெருவுக்கு ஃபைபர் வந்திருந்தால் மாற்றிவிடுவதே நல்லது, பழைய செம்பு லைனை இனி யாரும் புதிதாக இழுக்கப் போவதில்லை.

கேள்வி: ரவுட்டர் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை தானாக அணைந்து எரிகிறது. புதுசு வாங்கினேன், அதுவும் அப்படியே.
– வாசகர், திருச்சி

பதில்: புது ரவுட்டருக்குப் பழைய அடாப்டரையோ, பழைய மினி யுபிஎஸ்ஸையோ மாட்டியிருக்கிறீர்களா? பலர் செய்வது அதுதான். மினி யுபிஎஸ்ஸிலிருந்து ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் பிரிந்து போகும் அந்த ஒல்லி ஒயரும் உருண்டை பின்னும்தான் இதில் சீக்கிரம் தளர்வது. ரவுட்டர் ஓடும்போது பின்னை மெதுவாக அசையுங்கள், விளக்கு மினுங்கினால் கண்டுபிடித்துவிட்டீர்கள். அசைத்தும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அடாப்டரையே சந்தேகியுங்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் சூட்டில் வருடக் கணக்கில் கிடந்து வறண்டுபோனால், சும்மா இருக்கும்போது 12 வோல்ட் கொடுக்கும், எல்லோரும் நெட் பார்க்கும் சாயங்கால நேரத்தில் துவளும். வாங்கும்போது வோல்ட் சரியாக அதே எண், ஆம்பியர் அதே அளவு அல்லது அதற்கு மேல்.

கேள்வி: பக்கத்துக் கட்டட மொட்டை மாடியிலிருந்து லோக்கல் கேபிள்காரர் லேன் ஒயர் இழுத்து இணைப்புக் கொடுத்திருக்கிறார். இரண்டு வருடத்தில் மூன்று தடவை இடியில் ரவுட்டரின் வான் (WAN) போர்ட், அதாவது வெளியிலிருந்து வரும் ஒயரைச் செருகும் இடம், எரிந்துவிட்டது. ஒயர் பழசானதால்தானா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இதில் ஒயரின் வயது காரணமில்லை, ஒயர் போகும் வழிதான் காரணம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே திறந்தவெளியில் செம்புக் கம்பி போனால், அருகில் எங்கே மின்னல் விழுந்தாலும் அந்தக் கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்படும், நேராக உங்கள் போர்ட்டுக்குள் வந்து இறங்கும். கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் பகுதியை ஃபைபராக மாற்றித் தரச் சொல்லி அவரிடம் பிடிவாதமாகக் கேளுங்கள். அதுவரை, சித்திரை வைகாசி இடிமழையிலும் ஐப்பசி மழையிலும், வானம் இருட்டியதும் கரண்ட் பிளக்கோடு அந்த லேன் ஒயரையும் கழற்றிவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு அதைத் தொட வேண்டாம்.

கேள்வி: எத்தனை வருடத்துக்கு ஒருமுறை கேபிள்களை மாற்ற வேண்டும்? கேட் 8 போட்டுவிட்டால் கவலையே இல்லை என்கிறார்களே?
– வாசகர், சென்னை

பதில்: வருடக் கணக்கு என்று ஒன்று கிடையாது. கேட் 5ஈ கேபிளே 100 மீட்டர் வரை கிகாபிட் தரும், 2016-இல் வந்த தரப்படி 2.5 கிகாபிட்டும் அதிலேயே போகும். சுவருக்குள் நல்ல செம்பு கேட் 5ஈ இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். புது வீடு கட்டினால் கேட் 6 போதும். கேட் 8 டேட்டா சென்டர்களில் 30 மீட்டருக்குள் போடுவதற்கென்று வந்தது. தடித்து விறைப்பாக இருக்கும், வீட்டுப் பைப்பில் வளைத்து இழுக்கவே கஷ்டம். அந்தக் காசில் நல்ல ஜாக்கும் நல்ல சின்ன ஒயர்களும் வாங்கலாம். ஆர்ஜே45-க்கான சர்வதேசத் தரம் 750 தடவை செருகி எடுப்பதைத் தாங்க வேண்டும் என்கிறது. தினமும் லேப்டாப்பில் மாட்டிக் கழற்றும் ஒயர் என்றால் இரண்டு வருடத்தில் அந்தக் கணக்கு முடிந்துவிடும், டிவிக்குப் பின்னால் அசையாமல் இருப்பதற்குப் பத்து வருடம்கூட ஒன்றும் ஆகாது. எலியும் அணிலும் கடிக்காமல் இருந்தால்.

கேள்வி: எனக்கு வயது 61. ஹாலில் டிவிக்குப் போகும் ஒயரின் முனையை நானே போடக் கற்றுக்கொள்ளலாமா? ஆள் கூப்பிட்டால் வருவதற்கே வாரமாகிறது.
– வாசகி, சேலம்

பதில்: தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம் அம்மா. ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த கைக்கு இது பெரிய விஷயமே இல்லை, கண்ணாடி மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். கனெக்டரைக் கம்பியோடு அழுத்திப் பிடிக்க வைக்கும் கிரிம்பிங் டூல், சின்ன லேன் டெஸ்டர், பத்து கனெக்டர், எல்லாம் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

மேலுறையை ஓர் அங்குலம் உரியுங்கள், உள்ளே இருக்கும் கம்பிகளில் கத்தி படக் கூடாது. வேளச்சேரி பிரவுன் கம்பி அப்படி ஒரு கீறலில்தான் போனது. முறுக்கைப் பிரித்து நேராக்கி, கனெக்டரின் நாக்கு கீழே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, இடமிருந்து வலமாக: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். நுனிகளை ஒரே மட்டமாக, அரை அங்குலம் விட்டு வெட்டி உள்ளே தள்ளுங்கள். எட்டு நுனியும் கனெக்டரின் முன்சுவரைத் தொட வேண்டும், மேலுறையும் கனெக்டருக்குள் கொஞ்சம் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இழுபடும்போதெல்லாம் கம்பி பாரம் தாங்கும். அப்புறம் டூலில் வைத்து ஒரே அழுத்து.

பச்சை ஏன் பிரிந்து மூன்றாவதிலும் ஆறாவதிலும் போகிறது, சேர்த்தே வைத்துவிடலாமே என்று தோன்றும், நிறையப் பேர் அப்படிச் செய்தும்விடுகிறார்கள். ஒரு ஜோடியில் ஒன்றுக்கொன்று எதிரான சிக்னல் போகிறது. அந்த இரண்டும் ஒன்றாக முறுக்கியிருந்தால்தான் வெளி இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறிக் கழிந்துபோகும். கிரகாம் பெல் 1881-லேயே காப்புரிமை வாங்கிய யோசனை இது. மூன்றும் ஆறும் ஒரு ஜோடி என்பது கருவிக்குள் இருக்கும் கணக்கு, அதை நம்மால் மாற்ற முடியாது. வரிசை தப்பினால் ஒரு முறுக்கில் இருந்த இரண்டு கம்பி வேறு வேறு ஜோடிக்குப் போய்விடும். டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும், நெட் மட்டும் தடுமாறும்.

முதல் மூன்று நான்கு கனெக்டர் வீணாகும், அதற்குத்தான் பத்து வாங்கச் சொன்னேன். இரண்டு முனையும் போட்ட பிறகு டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை விளக்கு வரிசையாக எரிகிறதா என்று பாருங்கள், அப்புறம் ஒயரின் இரு முனைகளையும் லேசாக ஆட்டிக்கொண்டே இன்னொரு தடவை பாருங்கள். அது ஆன பிறகு பேரனின் லேப்டாப்பில் மாட்டி லிங்க் ஸ்பீடு என்ன காட்டுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.